மண்ணுக்கடியில் ஒரு கோயில்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களை வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் பைலட்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கிளாரன்ஸ் மோத்தா. ஊரில் எல்லோருக்கும் அவர் கேப்டன். அறுபது வயதுக்கு மேல் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். மணப்பாட்டில் சிறிய தியான இல்லம் நடத்திவந்த சிஸ்டர் செலஸ்தின். அவருக்கு இவரைவிட இருபது வயதாவது குறைவு. அதைப் பற்றிக் கேப்டன் கவலைப்படவில்லை. சனிக்கிழமை தோறும் போய் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். சிஸ்டர் பாதிக்குப் பதில் சொல்லுவார், மீதிக்குச் சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை கேப்டன் கேட்டார்.

"சிஸ்டர், நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறது விசுவாசமா, பழக்கமா?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"பழக்கம்னா நிறுத்திருவேன். பொய்யா முழங்கால் போட என்னால முடியாது."

சிஸ்டர் அன்று சிரிக்கவில்லை. தியான இல்லத்திலிருந்து ஒரு குழு துருக்கிக்குத் திருப்பயணம் போவதாக இருந்தது. "நீங்களும் வாங்க" என்றார்.

கேப்டன் ஆசையோடுதான் கிளம்பினார். முதல் கிறிஸ்தவர்கள் நடந்த மண்ணில் கால் வைத்தால் உள்ளே ஏதாவது நடக்கும் என்று நம்பினார்.

எபேசு என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் பளிங்குத் தெரு வெயிலில் மின்னியது. தூண்கள் நின்றன, தூண்களைவிட அதிகமாகப் பூனைகள் இருந்தன. வழிகாட்டியாக வந்த ஐலின் என்ற இளம்பெண் ஒவ்வொரு இடத்திலும் நின்று விளக்கினாள்.

"இங்கேதான் முதல் சீடர்களில் ஒருவர் அடக்கம் செய்யப்பட்டார் என்று நம்பப்படுகிறது."

"யாரு நம்புதது?" என்றார் கேப்டன்.

மலைமேல் ஒரு சின்னக் கல்வீட்டுக்குப் போனார்கள். மாதா கடைசிக் காலத்தில் இங்கே வாழ்ந்ததாக நம்பப்படுகிறது என்றாள் ஐலின். எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். கேப்டனும் ஏற்றினார். காற்று அவருடையதை மட்டும் அணைத்துவிட்டது.

"ஒண்ணும் தோணல சிஸ்டர். கல்லு கல்லாத்தான் இருக்கு."

"கல்லு வேற எப்படி இருக்கும், கேப்டன்?"

இப்படியே பேருந்து கப்படோக்கியா போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு கிராமத்தில், தரைக்கு அடியில், மாடி மாடியாகக் குடைந்த ஊர் ஒன்று இருந்தது. துரத்தப்பட்ட காலத்தில் கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாக இதற்குள் இறங்கி ஒளிந்திருந்தார்களாம். எல்லாவற்றுக்கும் அடியில், பாறையிலேயே சிலுவை வடிவில் குடைந்த கோயில் இருக்கிறது என்றாள் ஐலின். 'நம்பப்படுகிறது' என்று சொல்லவில்லை. இருக்கிறது என்றாள். கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுதான் சிஸ்டர். இதைப் பாத்துட்டா எனக்குப் போதும்."

சுரங்கம் குறுகலாக இருக்கும் என்பதால் பைகளைப் பேருந்திலேயே வைத்துவிட்டு இறங்கினார்கள். கேப்டனின் செல்போன் மட்டும் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் காலையிலிருந்து படம் எடுத்து எடுத்து அதில் சார்ஜ் தீர்ந்திருந்தது. உள்ளே வேறு நாட்டுக் கூட்டங்களும் இருந்தன. வளைவுகளில் எல்லோரும் முன்னும் பின்னுமாகக் கலந்துபோனார்கள். கேப்டன் வளைந்த முதுகோடு ஆவலாக இறங்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு தளம்தான் பாக்கி.

மின்சாரம் போய்விட்டது.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கும் இருட்டு. மற்றவர்களின் செல்போன்களும் பைகளோடு மேலேயே இருந்தன. யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் எங்கேயோ காற்றுக்காக வெட்டிய ஆழமான குழி இருப்பதாக ஐலின் சொல்லியிருந்தது கேப்டனுக்கு ஞாபகம் வந்தது. எத்தனையோ கப்பலை மூடுபனியில் கரைசேர்த்த மனிதர் பாறைச்சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஓர் அடி எடுத்துவைக்கவும் பயமாக இருந்தது.

மேலே வெகுதூரத்திலிருந்து ஐலின் குரல் கேட்டது. எல்லோரும் திரும்புங்கள், கைகளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறுங்கள் என்றாள்.

கேப்டன் திரும்பி நின்று முன்னால் கையை நீட்டினார். காய்த்துப்போன ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து வியர்த்த சின்னக் கை ஒன்று அவருடைய மணிக்கட்டைப் பற்றியது. அழுதது அந்தப் பெண்தான் போலிருக்கிறது. வரிசை நகர்ந்தது.

பத்தடி போயிருப்பார்கள். தாழ்ந்த பாறையில் கேப்டனின் தலை மோதியது.

"ஐயோ" என்றார்.

பின்னால் வந்தவள் அதை எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டாள். குனிந்தபடியே தனக்குப் பின்னால் வந்தவரிடம் "ஐயோ" என்றாள். அவர் அடுத்தவரிடம் சொன்னார். கொரியர்களோ பிரேசில்காரர்களோ, விதவிதமான உச்சரிப்பில் ஐயோ சுரங்கத்துக்குள் இறங்கிப்போனது. அடுத்த தாழ்வில் முன்னால் போனவரே "ஐயோ" என்று எச்சரித்தார். கேப்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுதவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவள் கைவழியாக அவருக்குக் குலுங்கியது.

கால் இடறிய இடத்தில் முன்னால் போன கை இழுத்தது. அவள் தயங்கிய இடத்தில் இவர் இழுத்தார். அப்படியே ஏறி ஏறி, ஒரு திருப்பத்தில் வெளிச்சம் முகத்தில் அடித்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. கைகள் விட்டுப்போயின. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கண்ணீரும் சிரிப்புமாக ஒரே கூச்சல். கேப்டன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது எல்லோரும் கலந்துவிட்டிருந்தார்கள்.

சிஸ்டர் எதிரே இருந்த டீக்கடையில் சின்னக் கண்ணாடித் தம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பாறைப்பொடி. கேப்டன் எதிரே போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஐலின் வந்து, இன்று இனி உள்ளே விடமாட்டார்கள், நாளைக் காலை விமானம் இருக்கிறது, மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேப்டன் முகம் தொங்கிப்போனது.

"இவ்வளவு தூரம் வந்து கோயிலைப் பாக்காமலே போறேனே, சிஸ்டர்."

"உங்களுக்கு முன்னால போனது யாரு?"

"தெரியல. காய்ச்சுப்போன கை."

"பின்னால?"

"அதுவும் தெரியல. பொம்பளப்பிள்ள. எந்த நாடோ, என்ன சாமியோ."

"பயமா இருந்துச்சா?"

"முதல்ல இருந்துச்சு. அப்புறம் கையை விட்டுரக் கூடாதுங்கறது மட்டும்தான் நெனப்பு. பயப்படவும் நேரமில்ல. சிரிப்பு வேற."

சிஸ்டர் இன்னொரு தேநீருக்குக் கைகாட்டினார். அது வந்ததும் தம்ளரைக் கேப்டன் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப நீங்க கோயிலுக்குள்ளதான் இருந்திருக்கீங்க, கேப்டன்."