பதினெட்டு அடுப்பும் ஒரே ஒரு புகையும்

"அணை! இப்பவே அணை!"

குளக்கரையில் நின்று கரடி கத்தியது. அது எட்டி உதைத்ததில் ஒரு அடுப்பு உடைந்து, பாதி காய்ந்த கெண்டை மீன்கள் சேற்றில் விழுந்தன.

துடுப்பன் என்ற நீர்நாய் ஓடிவந்து குறுக்கே நின்றது. "எதுக்கு அணைக்கணும்?"

"மேல பாரு! வானம் தெரியுதா? உங்க புகையாலதான் மழை கண்ட நேரத்துக்கு வருது. மலையில பூ கருகுது. எனக்குத் தேன் இல்ல! பதினெட்டு அடுப்பு! எண்ணிட்டுத்தான் வந்தேன். என் குகையில எரியறது ஒண்ணே ஒண்ணு!"

"அந்த ஒண்ணு எவ்வளவு நாளா எரியுது?"

"என் தாத்தா காலத்திலிருந்து. அதுக்கென்ன இப்போ?"

"அதுல எத்தனை பேர் குளிர் காயறீங்க?"

"நானும் என் ரெண்டு குட்டிங்களும்."

"அந்த மூணு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு முழு மரம்! இங்க நீர்நாய், கீரி, காட்டுப்பூனை, ஆமைன்னு இருநூறு வாய் இருக்கு, கரடியாரே. அதையும் எண்ணிட்டு வந்திருக்கலாமே!"

கரடி காலால் தரையை ஓங்கி உதைத்தது. இன்னும் சத்தம் போட்டது. "மூணு நாள்தான்! நாலாம் நாள் வருவேன். எதாவது எரிஞ்சா எல்லாத்தையும் மிதிப்பேன்!"

குளக்கரை விலங்குகளுக்கு அடுப்பு விளையாட்டு இல்லை. புதுவெள்ளம் வந்ததும் பத்து நாள் மீன் கொட்டும். அப்புறம் இரண்டு மாதம் தண்ணீர் சீறும், யாரும் இறங்க முடியாது. போன வருடம் பிடித்த மீனெல்லாம் மழையில் அழுகிவிட்டது. மழை தொடங்கியபோது துடுப்பனுக்கு மூன்று குட்டிகள். முடிந்தபோது ஒன்று. இந்த வருடம்தான் இடி விழுந்த மரத்திலிருந்து நெருப்பு எடுத்து, மீனைக் காயவைக்கப் பழகினார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. தாங்களே கற்றுக்கொண்டார்கள்.

கரடி போனதும், பனைமரத்திலிருந்து மஞ்சி என்ற தூக்கணாங்குருவி இறங்கி வந்தது.

"நல்லாக் கேட்ட துடுப்பா! றெக்கை தட்டணும் போல இருந்துச்சு. ஆனா ஒண்ணு. என் குஞ்சு ரெண்டு நாளா கண்ணே திறக்கல. என் கூட்டுக்குள்ள வர்றது உன் புகைதான். கரடியோடது இல்ல."

துடுப்பனுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது.

"அணைச்சா என் குட்டி செத்துடும், மஞ்சி."

"அணைக்கச் சொன்னேனா? புகையைப் பத்திதான் சொன்னேன். அடுப்பு வேற, புகை வேற!"

துடுப்பன் தன் மனைவி சேலியிடம் போனது. "எந்தக் கட்டை போட்டா ரொம்பப் புகையுது?"

"இது ஒரு கேள்வியா? ஈரக்கட்டைதான். இந்த மழையில காஞ்ச கட்டைக்கு எங்க போறது? கரடிதான் குகை நிறைய அடுக்கி வச்சிருக்கு."

மறுநாள் துடுப்பன் மலை ஏறியது. "உங்க குகையில ஒரு மூலை மட்டும் குடுங்க. எங்க கட்டையைக் காயவச்சு எடுத்துக்கறோம். புகை பாதியாக் குறையும்."

"முதல்ல அணை, அப்புறம் பேசலாம்!" என்றது கரடி. காய்ந்த கட்டை மேல் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னது.

துடுப்பன் இறங்கி வந்தது. சேலி சிரித்தது. "அங்க எதுக்குப் போனீங்க? நம்ம அடுப்புக்கு மேல சூடு சும்மாதானே போகுது? எல்லாத்தையும் ஒரே பெரிய அடுப்பாக்கி, ஈரக்கட்டையை அதுமேல அடுக்கினா என்ன?"

அவ்வளவுதான்! மிச்சமிருந்த பதினேழு அடுப்பையும் அவர்களே உடைத்தார்கள். ஆமைகள் மண்ணை மிதித்தன. கீரிகள் குழைத்துப் பூசின. ஊருக்கே ஒரு பெரிய அடுப்பு. உள்ளே மீன், மேல் தட்டில் நாளைய கட்டை. முதல் சுவர் விரிசல் விட்டது. இரண்டாவது, கீரி மேலேயே சரிந்தது. மூன்றாவது நின்றது.

நாலாம் நாள் கரடி, சாட்சிக்கு மலை மான்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டது. குளத்துக்கு மேல் வானம் தெரிந்தது. நூல் மாதிரி ஒரே ஒரு வெள்ளைப் புகை.

ஒரு மான் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே தூண் மாதிரி கறுப்பாக ஒன்று எழுந்துகொண்டிருந்தது. தாத்தா காலத்திலிருந்து பழகிப்போனது; இந்த வருடம் எல்லாப் புகையும் கலந்து வேறு கிடந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"கரடியாரே, அது யாரோட புகை?"

கரடி மூக்கைச் சொறிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "அந்த மண்ணை எப்படிக் குழைச்சீங்க?"

"முதல்ல அணை, அப்புறம் பேசலாம்!" என்று கத்தியது கீரி. குளக்கரையே விழுந்து விழுந்து சிரித்தது.

"சும்மா இருடா," என்றது துடுப்பன். "வாங்க கரடியாரே, காட்டறோம். ஆனா ஒரு மூலை கேட்டேனே?"

"ரெண்டா எடுத்துக்கோ," என்றது கரடி, தரையைப் பார்த்துக்கொண்டே.

அந்த மழை முடிந்தபோது துடுப்பனின் குட்டி கொழுகொழுவென்று இருந்தது. மஞ்சியின் குஞ்சு பறந்துவிட்டது. மலையில் புகை இன்னும் இருக்கிறது, ஆனால் முன்பு மாதிரி இல்லை.

முன்னேறி வருகிறவன் தன் புகையைக் குறைக்கத்தான் வேண்டும்; ஆனால் அவன் அடுப்பை அணைக்கச் சொல்லும் உரிமை, தன் புகையையே குறைக்காதவனுக்குக் கிடையாது.

கரடி சொன்ன அந்த ஒரு வேலையைத் துடுப்பன் கடைசிவரை செய்யவே இல்லை. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.