மணி அடித்த வருடம்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. சொன்னவர் என்னோடு வேலை பார்க்கும் இசக்கியப்பன்.

கல்லூரி முதல் வருடத்தில் நாலு பாடத்தில் தோற்று, வருகையும் குறைந்ததால் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். திரும்பச் சேரப் பணம் வேண்டும். அதே கல்லூரியில் மணி அடிக்கும் வேலைதான் கிடைத்தது. ஒரு வருடம் அடித்துச் சேர்த்த சம்பளத்தோடு முதல்வர் முன் போய் நின்றார்.

முதல்வர் பழைய பதிவேட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

“காலேஜுக்கே வராத பய நீ. ஒரு வருஷம், ஒரு நாள்கூடப் பிந்தாம வந்தேன்னு சொல்ல ஒரு ஆளைக் கூட்டிட்டு வா, சேத்துக்கிடுதேன்.”

“கூட்டிட்டு வர வேண்டாம் ஐயா, எதிர்லயே இருக்கீங்க. தினமும் நான் அடிக்கிற மணிக்குத்தான உங்க வாட்ச்சைச் சரிபண்ணுதீங்க?”

முதல்வர் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற குமாஸ்தா சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். கையெழுத்து விழுந்தது.

ஒரு பதிலுக்கா கதவு திறக்கும்? நானும் அப்படித் தோற்றுத்தான் படிப்பை விட்டேன். திரும்பிப் போகவில்லை. அதனால்தான் நம்ப மறுத்தேனோ என்னவோ. போன மாதம் அவரோடு டீ குடிக்கும்போது, முதல்முறையாகக் கதையை நம்பி, கேட்டே விட்டேன்:

“மணி அடிச்சு எல்லாரையும் வகுப்புக்குள்ள அனுப்பிட்டு, அந்த ஒரு வருஷமும் நீரு எங்க வே நின்னீரு?”