திங்கட்கிழமை ஓலை

முன்னொரு காலத்தில், மிளகாயும் அன்னாசியும் கப்பலேறி நம் கரைக்குப் புதிதாக வந்திறங்கிய நாளில், ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் கேட்ட பொருள் கேட்ட நேரத்தில் கைக்கு வராவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அவருடைய சீமையில் கடலோரமாகத் தோணிப்பட்டினம் என்றொரு குடியேற்றம். மரைக்காயர்களுக்கு ஒரு தெரு, பறங்கிகளுக்கு ஒரு தெரு, நெசவாளர்களுக்கு ஒரு தெரு. முன்பக்கம் கடை, பின்பக்கம் தோட்டம் என்று பிழைத்தார்கள். ராஜா ஒரு வெள்ளிக்கிழமை பன்னீர் வாங்கப் போனார். தொழுகை நாள் என்று மரைக்காயர் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை நிலைக்கண்ணாடி வாங்கப் போனார். பறங்கித் தெரு மொத்தமும் அவர்களுடைய கோயிலில் இருந்தது. செவ்வாய்க்கிழமை பட்டு வாங்கப் போனார். அம்மனுக்கு உகந்த நாள் என்று நெசவாளர்கள் கதவையே திறக்கவில்லை.

“நான் ராஜாவா, பூட்டுக்குக் காவல்காரனா?” என்று மறுநாள் சபையில் குதித்தார்.

பிரதானி கோனேரிக்கு இது போதாதா? அரசவை விகடன் பிச்சாண்டி வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார், தான் திறந்தால் கொட்டாவி விடுகிறார் என்று அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல்.

“மகாராஜா, எல்லாருக்கும் ஒரே ஓய்வு நாள் விதியுங்கள். திங்கட்கிழமை. அன்று தங்கள் சீமையில் உள்ள ஒருவரும் எந்த வேலையும் செய்யக்கூடாது. மற்ற ஆறு நாளும் ஒருவரும் ஓயக்கூடாது. பட்டினத்தார் பிச்சாண்டிக்குப் பழக்கம். அவரே இதை நடத்தட்டும். ஒரே ஒருவர் மீறினாலும் பிச்சாண்டியே கப்பலேறி நாட்டைவிட்டுப் போகட்டும்.”

ராஜா தலையாட்டினார். கோனேரி தம் கையாலேயே ஓலை எழுதி, முத்திரை வைத்துப் பிச்சாண்டியிடம் நீட்டினார்.

பிச்சாண்டி பட்டினத்துக்கு நடந்தார். சேதி அவருக்கு முன்னால் போய்விட்டிருந்தது. நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் கூட்டம். பட்டினத்தில் மற்ற கிணறெல்லாம் உப்பு. இந்த ஒன்றுதான் இனிக்கும். அதன் நீரை நாளுக்கு மூன்று முறையாகப் பிரித்து மூன்று தெருவும் இறைத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூக்காயி வந்தாள். அரண்மனைக்கும் வெற்றிலை தரும் கொடிக்கால் போட்டுப் பிழைப்பவள், கடைசியாக வந்து குடியேறியவள்.

“சாமி, எனக்கு இந்தக் கெணத்துல முறை கெடையாது. வெள்ளிக்கெழமை மரைக்காயர் எறைக்க மாட்டாரு, அவரு பங்கு எனக்கு. ஞாயித்துக்கெழமை பறங்கி பங்கு. செவ்வாக்கெழமை தறிக்காரங்க பங்கு. அதுல தான் என் கொடி உசுரோட இருக்கு. இனிமே எல்லாரும் ஒரே நாள்ல ஓஞ்சா, அன்னிக்கு நானும் எறைக்கக் கூடாது. எனக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. கொடி மூணு நாள் தாங்கும். ஒரு வாரம் தாங்காது.”

சேகாதி மரைக்காயர் தாடியைத் தடவினார். “எங்களுக்குக் கப்பல் இருக்கு, பிச்சாண்டி. தொழுகையை விடச் சொன்னா வேற கரை பாத்துக்குவோம். இந்தப் பொம்பள கொடிக்காலைத் தலையில தூக்கிக்கிட்டு எங்க போவா?”

பிச்சாண்டி சிரிக்கவைத்தே சோறு தின்ற மனிதர்; அன்று அவருக்கு ஒரு சிரிப்பும் வரவில்லை. அந்தக் கொடி வாடக்கூடாது என்று அங்கேயே முடிவு கட்டினார்.

“வர்ற திங்கட்கிழமை ஒரே ஒரு நாள் எனக்காகக் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. அடுப்புகூட மூட்ட வேண்டாம். மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்றார்.

திங்கட்கிழமை விடிந்தது. ராஜா கண் விழித்தார். வெந்நீர் இல்லை. பல் துலக்கக் குச்சி ஒடித்துத் தர ஆள் இல்லை. பால் கேட்டார், கறப்பவன் கைகட்டி நிற்க, கன்று வயிறு முட்டக் குடித்துவிட்டுத் துள்ளிக்கொண்டிருந்தது. மடைப்பள்ளி வாசலில் ஓலையோடு பிச்சாண்டி நின்றார். உள்ளே சமையற்காரர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“பிச்சாண்டி, என்ன இது?”

“மகாராஜாவின் ஆணை. சீமையில் ஒருவரும் எந்த வேலையும் செய்யக்கூடாது.”

கோனேரி மூச்சிரைக்க ஓடிவந்தார். “அரண்மனைக்கு அது பொருந்தாது!”

“அப்படி ஓலையில் இல்லையே, பிரதானியாரே. எழுதியவர் தாங்கள். அரண்மனை வேறு ராஜா சீமையிலா இருக்கிறது?”

“ஆணையை இப்போதே மாற்றுகிறேன்!” என்று ராஜா சிங்காசனத்தை நோக்கி நடந்தார்.

பிச்சாண்டி குறுக்கே விழுந்து வணங்கினார். “மன்னிக்க வேண்டும். அரசு புரிவது ராஜாவின் வேலை. இன்று கூடாது.”

ஆணையைத் தாமே மாற்றி எழுதக் கோனேரி எழுத்தாணியை எடுத்தார்.

“எழுதுங்கள், பிரதானியாரே. எழுதுவதும் வேலைதான்; நான் கப்பலேறிப் போகிறேன். ஆனால் ராஜாவின் ஆணையை முதலில் மீறியவர் அதை எழுதியவரே என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன்.”

எழுத்தாணி கீழே விழுந்தது. ராஜா நாளெல்லாம் பட்டினி. மாலையில், “பகிர்ந்துகொள்வது வேலையல்ல” என்று முந்திய நாள் சோற்றை நீரோடு கொண்டுவந்து வைத்தார் பிச்சாண்டி. ராஜா பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். பிறகு பழக்கதோஷத்தில் வெற்றிலைத் தட்டைத் துழாவினார். காலி.

“இன்றைக்கு மட்டும் அல்ல, மகாராஜா. இந்த ஆணை நிலைத்தால் இனி என்றைக்குமே தட்டு காலிதான்” என்று பிச்சாண்டி மூக்காயியின் கதையைச் சொன்னார்.

ராஜா செவ்வாய்க்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக ஓலையைக் கிழித்தார். கோனேரி தலை நிமிரவில்லை. ராஜா மூக்காயியைச் சபைக்கு வரவழைத்தார்.

“அம்மா, அந்தக் கிணற்றில் உனக்கென்று தனி முறை எழுதித் தருகிறேன்.”

“வேண்டாம் மகாராசா. எனக்கு முறை குடுத்தா அவங்க மூணு பேருக்கும் கொறையும். அவங்கவங்க சாமி கும்புடுற நாள்ல அவங்களை யாரும் தொந்தரவு பண்ணாம இருந்தா எனக்கு அதுவே போதும்.”

“நீ எந்தச் சாமியைக் கும்பிடுவாய்?”

“எங்க குலசாமி ஒண்ணுதாங்க. ஆனா எனக்குத் தண்ணி பாய்ச்சுற சாமி மூணு. ஒருத்தரையும் விட முடியாதே!”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். பிச்சாண்டி கிணற்றடிக்குப் போக அவசரமாக விடைபெற்றார். அன்று செவ்வாய், நெசவாளர் ஓய்வு நாள்; சபைக்கு வந்துவிட்ட மூக்காயியின் கொடிக்காலுக்கு அவர்கள் பங்கு நீரை இறைக்க ஒரு கை குறைந்தது.