முதல் வரியில் சடையப்பன்

"சடையப்பனை மன்றத்தை விட்டு நீக்கணும், குருவம்மா. இன்னைக்கே."

பூவராகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

தெய்வானை பல் டாக்டர். பழைய கார்ப் பைத்தியங்களுக்காக இணையத்தில் ஒரு மன்றம் நடத்திவந்தார். அங்கே எல்லோருக்கும் அவர் குருவம்மா. கார் வைத்திருப்பவர்களைவிட காரைப் பற்றிப் பேசுகிறவர்களே அந்த மன்றத்தில் அதிகம். டயருக்கு எவ்வளவு காற்று அடிப்பது என்று வருஷக்கணக்காய்ச் சண்டை போட்ட ஒருவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

மன்றத்தின் தேடல் பெட்டியைத் திருத்திக் கொடுத்தவர் பூவராகன், பேங்கில் கம்ப்யூட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்பு, பிரேக் பிடிக்கவில்லை என்று தேடினால், மலைப்பாதையில் எந்தக் கடையில் போண்டா நன்றாயிருக்கும் என்று வரும். படித்து முடிப்பதற்குள் வண்டி பள்ளத்தில் கிடக்கும்.

அவர் செய்தது ஒரே மாற்றம்தான். எந்தப் பதிவை அதிகம் திறக்கிறார்களோ, அது மேலே ஏறும்.

"சடையப்பன் என்னங்க பண்ணிட்டார்?"

"அவன் பட்டறையில சர்வீஸுக்கு விட்டேனுங்க. வந்ததுல இருந்து வண்டி இருமுது. என்ஜின்ல இருந்த ஒரிஜினல் கார்புரேட்டரைக் கழட்டிக்கிட்டு டூப்ளிகேட்டை மாட்டிட்டான்."

"பார்த்தீங்களா?"

"பார்க்காம வருவனுங்களா?"

பூவராகன் லேப்டாப்பைத் திறந்து, தேடல் பெட்டியில் சடையப்பன் என்று தட்டினார்.

முதல் வரியிலேயே நின்றது: 'சடையப்பன் பட்டறையில் பார்ட்ஸ் மாத்துறாங்களா?'

"யார் எழுதினது?"

"பேர் போடாத ஆளுங்க. பயந்திருக்கான். பயப்படறான்னாலே விஷயம் இருக்குது."

"பதில்?"

"ஒருத்தரும் சொல்லல. வாயை அடைச்சிருக்கான்."

"கீழே நல்லவிதமாவும் எழுதியிருக்காங்களே."

"ஆள் வெச்சு எழுதியிருப்பான்."

குருவம்மாவின் வண்டியும் சடையப்பனிடம்தான் போகிறது என்பது பூவராகனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்தார். பல் டாக்டர் முகத்தில் என்ன தெரியும்?

"மன்றத்து ஆளுங்களை நம்பித்தான் அந்தப் பட்டறையே நடக்குது. நீக்கிட்டா ஷட்டரை இறக்க வேண்டியதுதான்" என்றார் குருவம்மா.

"இறக்கட்டும். போன மாசம் இந்தப் பதிவு அடியில கிடந்துதுங்க. நான்தான் கண்டுபிடிச்சேன். விடாம பார்த்துக்கிட்டே இருக்கேன், ஏறிக்கிட்டே வருது. சும்மா ஏறுமா? எத்தனை பேர் வயிறு எரிஞ்சு தேடியிருப்பாங்க!"

"விடாமன்னா?"

"எந்திரிச்சதும் ஒருக்கா. காபி குடிச்சதும். சோத்துல கை வெச்சதும்."

"யாரெல்லாம் திறந்தாங்கன்னு பார்க்க முடியுமா?"

"நான் செஞ்ச பெட்டிங்க. அது எனக்கு ஒளிக்குமா?"

தட்டினார். பெயர்கள் வந்து விழுந்தன.

பூவராகன். பூவராகன். பூவராகன்.

விரலால் தள்ளிக்கொண்டே போனார். பூவராகன். இன்னும் தள்ளினார். நடுவில் ஒரே ஓரிடத்தில் சடையப்பன். அதற்குக் கீழே மறுபடியும் பூவராகன்.



பூவராகன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எவனோ என் பாஸ்வேர்டைத் திருடிட்டானுங்க, குருவம்மா."

குருவம்மா எழுந்து ஜன்னலருகே போனார். கீழே பூவராகனின் வண்டி, கழுவித் துடைத்து, வேப்பமர நிழலில் நின்றது.

"அதைத் திறந்தீங்களா?"

"எதைங்க?"

"பானெட்டை."