மூணு நாள் நட்சத்திரம்

“மேடம், ஒரு கட்டுரையை என் பட்டியல்ல இருந்து எடுத்துடலாமா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டான் வேதமணி.

வான் இயற்பியலில் முப்பது வருடம் ஆராய்ச்சி செய்தவன். வயது ஐம்பத்தாறு. ஆனாலும் தனக்கு வழிகாட்டியாக இருந்த அமிர்தவல்லி மேடம் வீட்டுக்கு வந்துவிட்டால் அவனுக்கு இருபத்தாறுதான்.

மேடம் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“முதல்ல உள்ள வா. சாப்பிட்டியா?”

“பசிக்கல மேடம். அஞ்சு மணிக்குள்ள விண்ணப்பம் போகணும்.”

மேடம் ஒரு கொத்தை அவன் பக்கம் தள்ளினார். யார் கையும் சும்மா இருந்தால் அவருக்கு ஆகாது.

உருவிக்கொண்டே சொன்னான்.

“பேராசிரியர் பதவிக்கு இதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. ஆயிரம் மேற்கோள் வேணுமாம். என் கட்டுரைகளை மத்தவங்க ஆயிரத்து நாப்பது தடவை எடுத்து எழுதியிருக்காங்க.”

“சந்தோஷம்தானே?”

“அதுல நானூத்திப் பன்னண்டு ஒரே கட்டுரைக்கு.”

“எது?”

அவன் கீரையைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

“நம்ம மூணு நாள் நட்சத்திரம்.”

மேடம் முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப நாள் காணாத பிள்ளையின் பேரைக் கேட்டதுபோல.

முப்பது வருடத்துக்கு முன்னால், மலைமேல் ஒரு சின்னத் தொலைநோக்கி. ராத்திரி ஒன்பது மணி ஆனால் பெரிய விஞ்ஞானிகள் வந்து அதை வாங்கிக்கொள்வார்கள். அதனால் தினமும் எட்டரைக்கு, மெஸ்ஸிலிருந்து டீ கேத்தல் வருவதற்குள், இவர்கள் இருவரும் அந்த நட்சத்திரத்தை ஒரே ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். மூன்று நாளைக்கு ஒருதரம் அது பளிச்சென்று இருந்தது. அந்த நாட்களில் டீயும் கொஞ்சம் கூடுதலாக இனித்தது.

“அது பதினெட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மின்னுற நட்சத்திரம் மேடம். நாம ஒரு நாளைக்கு ஒரு வாட்டிதான் பாத்தோம். நடுவுல மின்னினதெல்லாம் தப்பிப்போச்சு. சிலி நாட்டுல இருந்து பாத்து அந்த ரோஹாஸ் போட்டு உடைச்சான். நானூத்திப் பன்னண்டு பேரும் எழுதியிருக்கிறது ஒண்ணுதான். ‘வேதமணி சொன்னதுபோல் அல்ல.’”

“ம்.”

“என் மாணவங்களே ‘மூணு நாள் வேதமணி’ன்னு பேர் வச்சிருக்காங்க.”

“நல்லாத்தான் இருக்கு. பட்டம் மாதிரி.”

“விளையாடாதீங்க மேடம். எந்தக் கட்டுரைக்கு மேற்கோள் அதிகமோ, அதைப் பத்தி அரைப்பக்கம் எழுதணுமாம். எழுதினா தேர்வுக்குழு சிரிக்கும். எடுத்துட்டா எண்ணிக்கை பத்தாது. பதவி போனாப் போகட்டும், அது கண்ணுல படாம இருந்தாப் போதும்னு இருக்கு.”

மேடம் மடியிலிருந்த காம்புகளைத் தட்டிவிட்டார்.

“பீரோ மேல புடவைப் பெட்டி இருக்கு பாரு. எடு.”

எடுத்தான். திறந்தான். உள்ளே தபால் கார்டுகள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மேற்கோளை யார் எண்ணினார்கள்? ‘கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பவும்’ என்று எங்கிருந்தாவது ஒரு கார்டு வரும். தபால்காரர் மலையேறும் வியாழக்கிழமைக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பான். கார்டு வந்தால், கடவுள் புண்ணியத்தில் யாரோ ஒருத்தர் படிக்கப்போகிறார் என்று அர்த்தம். போலந்திலிருந்து வந்த முதல் கார்டை மெஸ் சமையல்காரரிடம்கூடக் காட்டினான். அதுவும் பெட்டியில் இருந்தது, மூலையில் மஞ்சள் கறையோடு.

“இதையெல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க?”

“அடியில பாரு.”

அடியில் ஒரு நீலநிற விமானத் தபால்.

‘மதிப்புக்குரிய அம்மையாருக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த நட்சத்திரத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் கேட்டபடி இங்கிருந்து பார்க்கிறேன். — ரோஹாஸ்.’

வேதமணி தேதியைப் பார்த்தான். ஜூலை.

கட்டுரை அச்சில் வந்தது அதே வருடம் செப்டம்பரில்.

தபாலை மடித்தான், மறுபடி விரித்தான்.

“நீங்களா மேடம் சொன்னீங்க?”

“ஆமா.”

“முப்பது வருஷமா அந்த மனுஷன் பேரைக் கேட்டாலே எனக்கு நெஞ்செல்லாம் எரியும்.”

“தெரியும்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம், பொறுன்னு சொன்னேன். நீ கட்டுரையைத் தபால்ல சேத்துட்டு வந்து நின்ன. காதுல விழற வயசா அது?”

“கட்டுரையில உங்க பேரும் இருந்துச்சே. அதுவும்ல கெட்டுது.”

மேடம் கீரையை முறத்தில் பரப்பினார்.

“விடிஞ்சா நமக்கு அது தெரியாது வேதமணி. நாம தூங்குற நேரத்துல அதைப் பாத்துக்க ஒரு ஆள் வேணாமா?”

பெட்டியின் ஓரத்தில் இன்னும் ஒரு கட்டு இருந்தது. புத்தாண்டு வாழ்த்து அட்டைகள். வருடத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே வரி.

‘உங்கள் நட்சத்திரம் நலம்.’

கடைசி ஐந்தில் கையெழுத்து மாறியிருந்தது.

“இது?”

“ரோஹாஸ் காலமாயிட்டார். இப்ப அவர் மாணவி எழுதுறா. நல்ல பொண்ணு.”

வேதமணி அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். ஒன்றையும் முன்பின் மாற்றவில்லை.

“மணி என்ன ஆகுது?” என்றார் மேடம்.

“பன்னண்டு.”

“அங்க இப்ப ராத்திரி.”

அவன் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான். உச்சி வெயில். கண் கூசியது. அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தான். ‘அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தான். தயங்கினான்.

“தலைப்புல மூணு நாள்னு இருக்கே, மேடம்.”

“அப்படியே எழுது.”