மைக்செட் சங்கிலியும் பாட்டுக் கம்பெனிக்காரரும்

பாட்டுக் கம்பெனி அதிகாரி வைரவநாதன், தன் மகள் கல்யாணத்துக்கு வந்த மைக்செட் சங்கிலியின் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டார்.

"டவுன்லோடு பண்ணின திருட்டுப் பாட்டா? போலீசில் கொடுத்துடுவேன்!"

"எல்லாம் நான் காசு கொடுத்து வாங்கின இசைத்தட்டுப் பாட்டுங்க. தட்டு தேயுதேன்னுதான் இதில் ஏத்தினேன்."

"அப்படின்னா தட்டையே போடு."

"உத்தரவுங்க" என்றான் சங்கிலி. எந்தத் தட்டில் எங்கே கீறல் என்பது அவனுக்கு மனப்பாடம்.

மணப்பெண் மாலையைத் தூக்கினாள். "தாமதம் வேண்டாம்" என்று பாடிய தட்டு கீறலில் சிக்கி, "வேண்டாம்... வேண்டாம்..." என்று மண்டபமெங்கும் அலறியது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள்.

வைரவநாதன் பென் டிரைவோடு ஓடிவந்தார். "இதைப் போடுய்யா!"

"திருட்டாச்சுங்களே?"

"நீ வாங்கின பாட்டுத்தானே! இதிலென்னய்யா திருட்டு?"

சங்கிலி மைக்கை நீட்டினான். "இதையே சபைக்கும் ஒரு தடவை சொல்லிடுங்க ஐயா."

அவர் சொன்ன பிறகுதான் தட்டிலிருந்து முள்ளை எடுத்தான்.