தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

கடலின் இந்தக் கரையில் பதின்மூன்று குடிசைகள் இருந்தன. அவற்றை ஆண்ட ராஜா அந்தக் கரையில் இருந்தார். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவருடைய பூட்ஸுகள் மட்டும் வரும். நேரம் காலம் கிடையாது. கதவை உதைக்கும், பெட்டியைக் கொட்டும், பானையை உருட்டிவிட்டுப் போகும்.

ஒருநாள் ஒரு குடிசையின் தாழ்ப்பாள் விலக மறுத்தது. பூட்ஸுகள் உதைத்த உதையில் மரம் பிளந்ததே தவிர அது விடவில்லை. அதைப் பார்த்து மற்றக் குடிசைத் தாழ்ப்பாள்களும் இறுகிக்கொண்டன. பல வருஷம் சண்டை. கடைசியில் பூட்ஸுகள் கப்பல் ஏறின.

முதலில் மறுத்த அந்தத் தாழ்ப்பாளுக்கு உடம்பெல்லாம் தழும்பு. அது எதையும் மறைக்காது. கேட்காதவர்களுக்கும் காட்டும்.

பிறகு குடிசைகளுக்குள்ளேயே வேலித் தகராறு மூண்டது. "தனித்தனியா நின்னா பூட்ஸ் திரும்பி வந்துடும். ஒரே வீடாக் கட்டுவோம்" என்றது, கூரையைத் தாங்க வந்த ஒரு உத்திரம். குடிசைக்கு ஒரு தூண் வந்து சேர்ந்தது. கொளுத்தும் கோடையில், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பேசின. கெட்டிக்காரத்தனமாகத்தான் படம் போட்டன. அதை மறுக்க முடியாது. மூன்று கூடங்கள். ஒரு கூடம் கூரையைத் தன் பக்கம் இழுத்தால் மற்ற இரண்டும் பிடித்து நிறுத்தும். ராஜாவுக்கு ஒரு முக்காலிகூட இல்லை.

தாழ்ப்பாள் அந்தப் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"என்னை எங்கேயும் காணோமே?"

உத்திரம் சிரித்தது. "பெரியவரே, இது நம்ம வீடு. நம்ம வீட்டுல நம்மளை யார் வந்து உதைக்கப் போறாங்க?"

"ராஜா கால்ல மட்டுந்தான் பூட்ஸ் ஏறும்னு யார் சொன்னா? நாளைக்கு உங்களுக்கும் அளவு சரியா இருக்கும்."

"சண்டை போட்டே பழகிட்டார். சும்மா இருக்க முடியலை" என்று கேலி செய்தது தெற்குத் தூண்.

"நான் சும்மா இருந்திருந்தா நீ இன்னும் ராஜாவுக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு நிப்பே."

தாழ்ப்பாள் தூண் தூணாகப் போய்ப் பேசியது. "எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு அறைக்கும் தாழ்ப்பாள் வேணும். அதுவும் உள்பக்கம். உள்ளே இருக்கிறவன் சாத்திட்டான்னா வீடே திரண்டு வந்தாலும் வெளியே நிக்கணும். ஜன்னல் இஷ்டத்துக்குத் திறந்து கத்தட்டும். விளக்கை அடிச்சு, அதையே அதுக்கு எதிரா சாட்சி சொல்ல வைக்கக் கூடாது."

சில தூண்கள் யோசித்தன. "இது இல்லாம நாங்க நிக்க மாட்டோம்" என்றன.

தூண் நிற்காவிட்டால் கூரை ஏது? உத்திரம் வாக்குக் கொடுத்தது. கூரை ஏறியதும் அதைக் காப்பாற்றவும் செய்தது. பெரிய கூடத்துக் கதவில், உள்பக்கம், தன்னை வைத்து ஆணி அடித்தபோது தாழ்ப்பாளுக்குக் கர்வம் தாங்கவில்லை.

அப்போது பட்டறையிலிருந்து ஒரு புதுத் தாழ்ப்பாளைக் கொண்டுபோனார்கள்.

"அண்ணே, எனக்கும் வேலை கிடைச்சிருக்கு! கொல்லைக் கொட்டகைக்குப் போறேன்."

"சபாஷ். உள்பக்கம்தானே?"

"இல்லண்ணே. வெளிப்பக்கம் அடிக்கணுமாம்."

"தப்பு! நிறுத்தச் சொல்லு!" என்று தாழ்ப்பாள் கத்தியது.

"தப்பெல்லாம் இல்லை" என்றது தெற்குத் தூண், நிதானமாக. "நிபந்தனை வெக்க உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமா? அந்தக் கொட்டகை பூட்டியே இருந்தாத்தான் தெற்குப் பக்கத்துத் தூணெல்லாம் நிப்போம்னு சொன்னோம். உத்திரம் ஒத்துக்கிச்சு."

"உள்ளே யாரு?"

"மண்வெட்டி. அது வெளியே போயிட்டா எங்க மண்ணை யார் வெட்டுறது?"

அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்வெட்டி.

தாழ்ப்பாள் உத்திரத்தைப் பார்த்தது. உத்திரம் கூரையைப் பார்த்தது. "வீடு நிக்க வேண்டாமா, பெரியவரே? அதையெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்."

கொட்டகைக் கதவை உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல்: "ஐயா, ஒவ்வொரு அறைக்கும்னு சொன்னீங்களே! அதைக் கேட்டுக்கிட்டேதானே ஐயா தோண்டினேன்!"

கூடத்தில் விருந்துக்கு இலை போட்டாயிற்று. உத்திரம் மெல்லச் சொன்னது: "ஒரே இரைச்சலா இருக்கு. கொஞ்சம் சாத்திக்கோங்க. உங்க உரிமைதானே? எழுதியே கொடுத்திருக்கோமே."

புது வீட்டில் தாழ்ப்பாளுக்கு வந்த முதல் வேலை அதுதான்.

கதவு வந்து பொருந்தியது. தாழ்ப்பாள் அசையவில்லை. தள்ளிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள்.

"இதுக்கா நான் அவ்வளவு உதை வாங்கினேன்?" என்றது அது.

கதவு மறுபடி தானாகத் திறந்துகொண்டது. தட்டும் சத்தம் நேராக உள்ளே வந்து, விருந்தின் நடுவில் நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் ஒரு வேளைச் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.